மின்கலமும் ஓர் அணையே

பாபநாசத்தில் தேக்கிய தாமிரபரணி நீர், 1944-ஆம் ஆண்டு முதல் மேலிருந்து பாய்ந்து மின்சாரம் தருகிறது. மின்சாரக் காரின் மின்கலத்தையும் ஓர் அணையாக எண்ணிப் பாருங்கள். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ‘மேலேறி’ நிற்கின்றன. இறங்கும்போது கார் ஓடுகிறது.

நேர்மின்வாயை எப்பொருளால் செய்வது என்பதில்தான் போட்டி. 1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கலத்தில் கோபால்ட் ஆக்சைடு இருந்தது. 1997-ல் அமெரிக்காவில் குடெனஃப் குழுவினர் இரும்பு பாஸ்பேட்டை அறிமுகப்படுத்தினர். அதில் எடைக்கு ஆற்றல் குறைவு. ஆனால் மலிவு, எளிதில் தீப்பற்றாது. கொரிய நிறுவனங்கள் ஆற்றல் மிகுந்த நிக்கலை நம்பின. சீனாவின் சி.ஏ.டி.எல்., பி.ஒய்.டி. நிறுவனங்களோ இரும்புக் கலங்களைப் பெருமளவில் செய்து முந்தின.

கண்டறிந்த நாடு வேறு, ஆலை கட்டி வென்ற நாடு வேறு! காரைக்குடியில் 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் நடத்தும் நமக்கு இது பாடம்: மழை மட்டும் போதாது, அணையும் வேண்டும்.