அறுவைப் பிரசவமும் தாயின் அச்சமும்

வயிற்றையும் கருப்பையையும் கீறிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் அறுவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை ஐரோப்பாவில் தாய்மார் பலரின் உயிரைப் பறித்ததால், அன்று அதைக் குறித்து எழுந்த அச்சம் வெறும் மனக்கலக்கமன்று, நியாயமான உயிரச்சமே. கருப்பைத் தசை தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பிய மருத்துவர்கள் அதன் வெட்டைப் பெரும்பாலும் தைக்காமலே விட்டமையால், இரத்தப்போக்கும் சீழ்த்தொற்றும் தாயை வீழ்த்தின.

1876இல் இத்தாலியின் பவியா நகரில் எதுவார்தோ பொர்ரோ, குழந்தையை எடுத்தபின் கருப்பையையும் அகற்றித் தாயைப் பிழைக்க வைத்தார். ஆனால் அவள் மீண்டும் கருவுறும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. 1882இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் செங்கர், வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும் கொண்டு கருப்பை வெட்டை அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை விளக்கியபோது, உயிரோடு கருப்பையும் காக்கப்படும் என்ற நம்பிக்கை பிறந்தது.

எனினும் அறுவையின்போது மயக்க மருந்தால் முழு மயக்கத்தில் கிடந்த தாய், தன் குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி மார்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறை பரவியதும், அவள் விழித்திருந்தே பிள்ளையைப் பார்க்க முடிந்தது. கூடவே, அறுவைக்கூடத்தின் ஓசைகளையும் வயிற்றுக்குள் இழுபடும் உணர்வையும் எதிர்கொள்ளும் புதிய பதற்றமும் வந்தது.

இத்தகைய அச்சத்தின் மறுபக்கம் நம்பிக்கை. ஒரு செயலைத் தன்னால் செய்ய இயலும் என்னும் உறுதியைத் தன்திறன் நம்பிக்கை என்று 1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா வரையறுத்தார். இக்கருத்து பிரசவ ஆய்வுகளுக்குள் நுழைந்தபின், தாய் பிழைத்தாளா என்பதோடு, பாலூட்டவும் பிள்ளையைப் பேணவும் தன்னால் முடியும் என்று அவள் நம்புகிறாளா என்பதும் மருத்துவத்தின் கேள்வியாயிற்று.