பத்தில் ஒரு விநாடி

1991 பிப்ரவரி 25, இரவு. வளைகுடாப் போர் முடிய இன்னும் மூன்றே நாட்கள். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அங்கே காவலுக்கு நின்ற பேட்ரியாட் அமைப்பு அந்த ஸ்கட்டை இடைமறிக்க முயலவே இல்லை. ஏன்?

விடை 1992-ல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலக அறிக்கையில் வந்தது. தவறு கணிப்பொறியின் கடிகாரக் கணக்கில் இருந்தது.

பேட்ரியாட்டின் கடிகாரம் பத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை ஒன்று கூட்டிக்கொண்டே போகும். அந்த எண்ணிக்கையை விநாடியாக்க 0.1 ஆல் பெருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். மூன்றில் ஒன்றை நாம் 0.333... என்று எழுதினால் முடிவே இல்லை அல்லவா? அதுபோல 0.1-ஐ இரும எண்ணில் எழுதினாலும் முடிவே இல்லை. அந்தக் கணிப்பொறியில் இருந்தது 24 பிட் இடம்தான். மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பிழை சுமார் 0.000000095 விநாடி. இது ஒரு பிழையா என்று தோன்றும். ஆனால் அன்று அந்த அமைப்பு 100 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 100 மணி நேரம் என்றால் 36 லட்சம் துடிப்புகள். மொத்தப் பிழை சுமார் 0.34 விநாடி. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். அடுத்து ஏவுகணை எங்கே இருக்கும் என்று கணித்து ரேடார் பார்த்த இடம் 687 மீட்டர் தள்ளிப் போயிருந்தது. அங்கே எதுவும் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டு நேரங்களிலும் ஒரே அளவு பிழை இருந்தால், கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். பத்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரத்தை வைத்தும் ஒரு தேர்வு எவ்வளவு நேரம் நடந்தது என்று சரியாகச் சொல்லலாம். ஆனால் தொடங்கும் நேரத்தை ஒரு கடிகாரத்திலும் முடியும் நேரத்தை இன்னொன்றிலும் பார்த்தால்? நடந்தது அதுதான். நேரத்தை இன்னும் துல்லியமாக மாற்ற ஒரு புதிய நிரல் துண்டைச் சேர்த்திருந்தார்கள். அதைத் தேவைப்பட்ட எல்லா இடங்களிலும் சேர்க்கவில்லை என்று 1992-ல் கணிப்பொறி அறிவியல் பேராசிரியர் ராபர்ட் ஸ்கீல் எழுதினார். ஒரு நேரம் புதிய முறையில், இன்னொன்று பழைய முறையில். இரண்டையும் ஒப்பிட்டதும் பிழை வெளியே வந்தது. பாதி திருத்தம் திருத்தாததைவிட மோசமானது.

பிழை முன்பே தெரியாமலும் இல்லை. எட்டு மணி நேரம் ஓடினாலே கணிப்பு விலகுகிறது என்று இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11-லேயே தகவல் கொடுத்தார்கள். "மிக நீண்ட நேரம்" ஓட்டினால் சிக்கல் வரலாம் என்று 21-ஆம் தேதி படைகளுக்குச் செய்தி போனது. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கியிருந்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்த நாள் பிப்ரவரி 26. ஒரு நாள் தாமதம்.

இன்றும் எக்செல் தேதியையும் நேரத்தையும் நாள் கணக்கில் பின்னமாகவே சேமிக்கிறது. திரையில் இரண்டு கட்டங்களிலும் 10:20 என்றே தெரியும். ஆனால் ஒன்றை நேரடியாக எழுதி, மற்றதைக் கூட்டிப் பெற்றிருந்தால், இரண்டும் சமமில்லை என்று கணிப்பொறி சொல்லக்கூடும். எனவே நேரங்களை ஒப்பிடும்போது "சமமா?" என்று கேட்காமல், "வித்தியாசம் அரை விநாடிக்குள் இருக்கிறதா?" என்று கேட்பதே நல்லது. முடிந்தால் நேரத்தை முழு எண்ணாகவே வைத்து ஒப்பிட வேண்டும்.