பிடி விடாத உலோகம்: தோல் மண்டலக் குழந்தைகளும் கொடுக்கிணைப்புச் சிகிச்சையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் குரோமியத்தில் பதனிட்ட ‘வெட் புளூ’ தோல் தேறிவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போடுவார்கள். சுருங்கினால் குரோமியம் சரியாக ஏறவில்லை. சுருங்காமல் கிடந்தால் தோல் தேறிவிட்டது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் இந்தச் சோதனையைத் தாங்காது. மூன்று இணைதிறன் குரோமியம் தோலின் கொலாஜன் புரதத்தோடு போடும் முடிச்சு மட்டும் கொதிநீரிலும் அவிழ்வதில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தோல் வணிகம் பெரும்பாலும் அந்த முடிச்சை நம்பித்தான் நடக்கிறது. அங்கே வளரும் குழந்தையின் ரத்தத்திலோ சிறுநீரிலோ குரோமியம் இருப்பதாக ஓர் அறிக்கை வந்தால், மருந்து கொடுத்து அதை இறக்கிவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடையும் அந்த முடிச்சில்தான் இருக்கிறது.

கொடுக்கிணைப்பு என்று நம் பாடநூல்களும் கீலேஷன் என்று மருத்துவர்களும் சொல்லும் சிகிச்சையின் அடிப்படை எளியது. ஒரு மருந்து மூலக்கூறு உலோக அயனியைப் பல முனைகளில் பற்றிக்கொள்கிறது. பற்றிய கூட்டுப்பொருள் நீரில் கரைந்து சிறுநீரகம் வழியாகவோ பித்தம் வழியாகவோ வெளியேறுகிறது. இதில் இரண்டு நிபந்தனைகள் அடங்கியுள்ளன. மருந்து அந்த உலோகத்தைப் பற்ற வேண்டும். பற்றியது வெளியேற வழி திறந்திருக்க வேண்டும். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதான குழந்தைக்கு இரண்டாவது நிபந்தனை ஆட்டம் காண்கிறது. தோல் மண்டலத்தின் குரோமியத்துக்கோ முதல் நிபந்தனையே நிறைவேறுவதில்லை. மருந்துச் சீட்டின் கடைசியில் ‘எச்சரிக்கை’ என்று சிறிய எழுத்தில் வரும் சிறுநீரகமும் கல்லீரலும் இந்த வட்டாரத்தில் முதல் கேள்வியாக முன்னுக்கு வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் குரோமியம். டேனரிக் கழிவில் இருப்பது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம். வாய்வழி வந்தால் குடல் அதில் 2 சதவீதம்கூட உறிஞ்சுவதில்லை. ராணிப்பேட்டையின் கதை வேறு. 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேட்டில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டை அதில் இடம்பெற்றதற்கு அந்த மேடும் ஒரு காரணம். இரண்டையும் ஒரே ‘குரோமியம்’ என்ற பெயரில் போட்டுக் குழப்புவது செய்தித்தாளுக்குச் சரியாக இருக்கலாம், மருத்துவத்துக்குச் சரியில்லை. ஆறு இணைதிறன் வடிவம் சல்பேட்டைப் போலத் தோற்றமளிப்பதால் செல்லுக்குள் எளிதில் நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும் மூன்று இணைதிறன் வடிவமாக மாறி, புரதத்தையும் டி.என்.ஏ.வையும் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. ரத்தச் சிவப்பணுவுக்குள் போனது அந்த அணு அழியும்வரை வெளியே வராது.

மூன்று இணைதிறன் குரோமியம் தன் இணைப்புகளை மாற்றிக்கொள்வதில் வேதியியலில் பெயர்பெற்ற சோம்பேறி. தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளில் ஒன்றை மாற்றவே அது பல மணிநேரம், சில சமயம் நாள்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கொடுக்கிணைப்பு மருந்துகளில் ஒன்றான ஈ.டி.டி.ஏ.வோடு அதை இணைக்க ஆய்வகத்தில் கரைசலைச் சூடாக்க வேண்டியிருப்பதை வேதியியல் மாணவர்கள் அறிவார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. வெளியே தயாரித்த குரோமியம்-ஈ.டி.டி.ஏ. கூட்டுப்பொருளைக் கதிரியக்கக் குரோமியம்-51 கொண்டு செய்து, ஐரோப்பிய மருத்துவமனைகள் பல பத்தாண்டுகள் குழந்தைகளின் சிறுநீரக வடிகட்டும் திறனை அளந்தன. உடம்புக்குள் அது பிரியாது, வேறெங்கும் தங்காது, சிறுநீரகம் வழியாக மட்டுமே போகும் என்பதே அதன் சிறப்பு. ஆக, ஈ.டி.டி.ஏ. குரோமியத்தைப் பிடிக்காது என்பதில்லை. பிடித்தால் விடாது. ஆனால் 37 டிகிரி வெப்பத்தில், ஏற்கெனவே புரதத்தோடு முடிச்சிட்டுக்கொண்ட குரோமியத்தைப் பிடுங்கிவர அதனால் முடியாது. குரோமிய நச்சில் ஈ.டி.டி.ஏ.வோ டைமெர்காப்ரால் என்ற மற்றொரு கொடுக்கிணைப்பு மருந்தோ மனிதருக்குப் பயன் தந்ததற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. எலிகளுக்குக் குரோமியம் ஊட்டி, கையோடு மருந்தும் கொடுத்துப் பெற்ற முடிவுகளை, ஆண்டுக்கணக்கில் கிணற்றுநீர் குடித்த குழந்தைக்குப் பொருத்திப் பார்ப்பது ஆய்வாகாது.

பயன் இல்லாத மருந்தைத் தீங்கும் இல்லாதது என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அந்த எண்ணம் ஆபத்தானது. ஆறு இணைதிறன் குரோமியம் முதலில் தாக்குவது சிறுநீரகத்தின் அண்மை நுண்குழலை. மிகுந்த அளவில் உட்கொண்டால் அந்தக் குழலின் செல்கள் மடிகின்றன, கல்லீரல் செல்களும் அழிகின்றன. குறைந்த அளவில் நெடுநாள் சேர்ந்தால் சிறுநீரில் நுண்புரதங்கள் கசிகின்றன. ஈ.டி.டி.ஏ. வெளியேறுவது அதே சிறுநீரகம் வழியாக. அளவு மீறினால் அது சேதப்படுத்துவதும் அதே அண்மை நுண்குழலை. குரோமியம் புண்படுத்திய இடத்திலேயே, குரோமியத்தை எடுக்க இயலாத மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு எந்த மருத்துவ நியாயமும் இல்லை. துத்தநாகம் போன்ற தேவையான தாதுக்களை அது இழுத்துப்போவது கூடுதல் நட்டம். ஊட்டம் குறைந்த குழந்தைக்கு அது சிறிய நட்டமும் அல்ல.

சிறுநீரகம் பழுதா என்பதை எப்படி அறிவது? ‘கிரியேட்டினின் நார்மல்’ என்ற இரண்டு சொற்களை நம்பித்தான் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. 100 சென்டிமீட்டர் உயரமுள்ள ஐந்து வயதுக் குழந்தையின் அறிக்கையில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.8 மில்லிகிராம் என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கான எல்லையை அச்சிடும் ஆய்வகத்தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி எதுவும் இருக்காது. ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் தந்த எளிய சூத்திரப்படி உயரத்தை 0.413ஆல் பெருக்கிக் கிரியேட்டினினால் வகுத்தால் வடிகட்டும் திறன் சுமார் 52 என்று வருகிறது. அந்த வயதில் நூறை ஒட்டி இருக்கவேண்டிய எண் அது. சிறுநீரகத்தின் பாதி வேலை போயிருக்கிறது. இதே குழந்தைக்குக் கிரியேட்டினின் 0.4 இருந்தால்தான் திறன் 103 ஆகும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவதால், மெலிந்த குழந்தைக்கு இந்தக் கணக்கும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். நுண்குழல் சேதமோ கிரியேட்டினின் ஏறும் முன்பே தொடங்கிவிடுகிறது. அதைக் காண சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சிறு புரதங்களைத் தேட வேண்டும். உயரம் எழுதாத மருந்துச் சீட்டில் கொடுக்கிணைப்பு மருந்து எழுதப்படக்கூடாது என்று நான் சொல்வது மிகையாகத் தோன்றலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது.

ஈயத்துக்கு வந்தால் படம் மாறுகிறது. இங்கே மருந்து உண்மையில் பிடிக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில் ரத்த ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம், வேலூர் நகரின் பாலர் பருவக் குழந்தைகளிடமும் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் பத்து வயதுக்குட்பட்டவருக்குக் கொடுக்கிணைப்பைப் பரிந்துரைப்பது 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால். அதற்குக் கீழே மருந்து என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் நடந்த சோதனை விடை தந்தது. 20 முதல் 44 வரை ஈயம் இருந்தவர்களுக்குச் சக்சிமர் என்ற கொடுக்கிணைப்பு மருந்தைக் கொடுத்தார்கள். எண் இறங்கியது; அறிவுத்திறன் ஏறவில்லை. 2001இல் வந்த அந்த முடிவை, ‘எண் இறங்கினால் நோய் இறங்கியது’ என்று நம்பும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

45ஐத் தாண்டிய குழந்தைக்குச் சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானால் மருந்தைத் தேர்வதே ஒரு கலை. சிறுநீர் பிரியாத குழந்தைக்கு ஈ.டி.டி.ஏ. கூடவே கூடாது. டைமெர்காப்ரால் பித்தம் வழியாகவும் போவதால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதைச் சற்றுக் கவனத்தோடு தரலாம். கல்லீரல் செயலிழந்தவருக்கு அதைத் தவிர்க்க வேண்டும். அமிலச் சிறுநீரில் அதன் பிடி தளர்ந்து உலோகம் சிறுநீரகத்திலேயே உதிரும் என்பதால் சிறுநீரைக் காரத்தன்மையில் வைத்திருப்பார்கள். கடலை எண்ணெயில் கரைத்த ஊசி அது என்பதால் கடலை ஒவ்வாமை உண்டா என்பதையும், ஜி6பிடி நொதி குறைந்த குழந்தையின் ரத்த அணுக்களை அது உடைக்கும் என்பதால் அந்தக் குறைபாடு உண்டா என்பதையும் முன்னதாகவே கேட்டுத் தெளிய வேண்டும். சக்சிமர் கல்லீரல் நொதிகளை ஏற்றக்கூடும். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் பெனிசிலமைன் சிறுநீரில் புரதத்தை ஒழுகவைக்கக்கூடும். எளிதில் கிடைக்கிறது என்பதற்காக ஒரு மருந்து முதல் தேர்வாகிவிடும் அபாயம் இங்கே நிஜமானது.

பெயர்க் குழப்பமும் கொல்லும். கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. ஈயத்துக்கானது, டைசோடியம் ஈ.டி.டி.ஏ. ரத்தத்தின் கால்சியத்தையே பிடித்து இதயத்தை நிறுத்தக்கூடியது. 2005இல் டெக்சஸில் ஈய நச்சுக்காக மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியும், பென்சில்வேனியாவில் ஆட்டிசத்துக்கு என்று இந்தச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஐந்து வயதுச் சிறுவனும் கால்சியம் சரிந்து இறந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006இல் பதிவுசெய்தது. ஆட்டிசத்துக்கு இச்சிகிச்சையால் பயன் உண்டு என்பதற்குச் சான்று கிடையாது என்று காக்ரேன் மதிப்பாய்வு 2015இல் முடிவுகட்டியது. இருந்தும் ‘உடம்பில் உலோகம்’ என்று காட்டும் ஒரு தந்திரம் நிற்கவில்லை: முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் சிறுநீரைச் சோதித்து, மருந்து எடுக்காதவர்களுக்கான எல்லையோடு ஒப்பிடுவது. யாருக்குச் செய்தாலும் எண் ஏறித்தான் இருக்கும். டேனரிக்குப் பக்கத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த அச்சிட்ட எண் எவ்வளவு நம்பத்தகுந்ததாகத் தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, சிறுநீரகமோ கல்லீரலோ கெட்ட குழந்தைக்குக் கொடுக்கிணைப்பே ஆகாது என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. வில்சன் நோயில் செம்பு சேர்ந்து கல்லீரல் கெடுவதுதான் நோய். 1956இல் ஜான் வால்ஷ் பெனிசிலமைனைக் கொண்டுவந்த பிறகே அந்தக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். அங்கே கல்லீரல் பழுது மருந்துக்குத் தடை இல்லை, மருந்துக்கான காரணமே அதுதான். கல்லீரல் முற்றிலும் தளர்ந்துவிட்டால் மட்டும் மருந்தின் காலம் கடந்து மாற்று அறுவையின் காலம் வந்துவிடுகிறது. தலசீமியாவும் அப்படியே. 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்றைத் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குத் தலசீமியாக் குழந்தைகள் நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். மாற்று கிடைக்காதவர்கள் ஏற்றிய ரத்தத்தின் இரும்பை இறக்க ஆயுள் முழுதும் மருந்து எடுக்க வேண்டும். அவர்கள் விழுங்கும் டெஃபராசிராக்ஸுக்குச் சிறுநீரகம், கல்லீரல் செயலிழப்பு குறித்த கட்டமிட்ட எச்சரிக்கை உண்டு. வடிகட்டும் திறன் 40க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். காய்ச்சல், வாந்தி, பேதியால் உடலில் நீர் வற்றிய நாள்களில் குழந்தைகளுக்கு இதைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. வேலூரின் மே மாத வெயிலைத் தெரிந்தவர்கள் இந்த எச்சரிக்கையைத் தமிழில் அச்சடித்து மாத்திரை அட்டையோடு கொடுக்க வேண்டும். ‘ஒரு வேளையும் விடாதே’ என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிய தாயிடம், பேதி வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் வா என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே வரிசை முக்கியம். எந்த உலோகம், அதை மருந்து பிடிக்குமா, போகும் வழி திறந்திருக்கிறதா, உள்ளே வரும் வழி அடைபட்டதா. கடைசிக் கேள்வியை நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலம் உலகுக்குக் கற்பித்தது. அங்கே 2010இல் தங்கத்தாது உடைத்த கிராமங்களில் ஈயத்தால் குழந்தைகள் செத்து விழுந்தபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஐந்து வயதுக்குட்பட்ட 1,156 பேருக்குச் சக்சிமர் கொடுத்துப் பலரைக் காத்தது. வீட்டு மண்ணைச் சுத்தம் செய்வது அந்தச் சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக இருந்தது. தோல் மண்டலத்தில் மருத்துவர் கேட்க வேண்டியவையும் இதுபோன்றவைதான்: குடிநீர் எங்கிருந்து, குழந்தையின் கண்ணில் இடும் சுர்மா எது, வீட்டில் பற்பம், குஷ்தா போன்ற நாட்டு மருந்து கொடுத்தார்களா, தகப்பன் பழைய பேட்டரி உருக்குகிறாரா.

சட்டம் இதில் மருத்துவத்துக்கு முன்னால் நடந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்றதோடு, தன் செயல் தீங்கற்றது என்று நிறுவும் பொறுப்பும் செய்பவருடையதே என்றது. தொழிற்சாலைக்கு விதித்த அந்த நிரூபணப் பொறுப்பைக் குழந்தையின் நரம்பில் ஊசி ஏற்றுபவருக்கும் விதிப்பதே முறை. இதே மாசு விவகாரம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வந்தது. பாலாற்றின் சீரழிவும் பாக்கி நிற்கும் இழப்பீடும் அங்கே பேசப்பட்டன. இழப்பீட்டுக் கணக்கு இதுவரை நிலத்தையும் கிணற்றையும் சுற்றியே வந்திருக்கிறது. மாசுபடுத்தியவரின் பணத்திலிருந்து, குடிநீர்க் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற இந்தியத் தர எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒழுங்காகச் சோதிப்பதற்கும், பள்ளிக் குழந்தைகளின் உயரம், கிரியேட்டினின், சிறுநீர் நுண்புரதம் மூன்றையும் ஆண்டுக்கொரு முறை அளப்பதற்கும் ஒதுக்கலாம். இதற்குப் புதிய மருந்தோ புதிய கருவியோ தேவையில்லை. மாவட்ட மருத்துவமனை ஆய்வகங்களில் குழந்தைகளுக்கான எல்லையை அச்சிடுவதிலிருந்து தொடங்கலாம்.