தரங்கம்பாடியும் நித்தியத்தைப் பற்றிய வினாவும்: சீகன்பால்கின் நற்செய்திப் பணியில் தற்சோதனை

முன்னுரை

தமிழகத்தில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் தொடக்கத்தைப் பேசுவோர் பெரும்பாலும் அச்சு எந்திரம், விவிலிய மொழிபெயர்ப்பு, பள்ளிக்கூடம் ஆகிய மூன்றையே முன்னிறுத்துவர். இவை மூன்றும் தமிழ் உரைநடை வரலாற்றில் பெறும் இடம் மறுக்க இயலாதது. எனினும், இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நின்றது ஒரு சமய வினாவாகும். 'மனிதன் இறந்தபின் நித்தியத்தைச் சந்திக்க ஆயத்தமாக இருக்கிறானா?' என்னும் அவ்வினாவே பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682-1719) என்னும் இளைஞரைக் கடல் கடந்து தரங்கம்பாடிக்குக் கொணர்ந்தது. அவ்வினா ஜெர்மனியில் எவ்வாறு உருவாயிற்று, தமிழ் மண்ணில் எவ்வாறு கேட்கப்பட்டது, தமிழர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர், இறுதியில் அது கேட்டவரையே எவ்வாறு சோதித்தது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் பிறப்பிடம்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய லுத்தரன் திருச்சபைக்குள் 'பக்தி இயக்கம்' எனப்படும் பயட்டிசம் தோன்றியது. பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1675இல் வெளியிட்ட 'பியா தெசிதேரியா' என்னும் நூல் அதன் அறிக்கையாகக் கருதப்படுகிறது. ஞானஸ்நானம் பெற்றிருத்தல், கோட்பாட்டை ஒப்புதல், கோயிலுக்குச் செல்லுதல் ஆகியவை மட்டும் ஒருவனைக் கிறிஸ்தவனாக்கிவிடா. உள்ளத்தில் மனந்திரும்புதலும் வாழ்வில் அதன் கனியும் வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் சாரமாகும். எனவே அதன் முதல் இலக்கு பிற சமயத்தார் அல்லர். பெயரளவில் கிறிஸ்தவராக வாழ்ந்த ஐரோப்பியரே ஆவர் என்பது இங்குக் கருதத்தக்கது.

இவ்வியக்கத்தின் அடுத்த தலைவரான ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் வாழ்வில் 1687இல் நிகழ்ந்த ஒரு செய்தி இதனைத் தெளிவாக்கும். லூனபர்க் நகரில் அவர் ஓர் அருளுரை ஆற்ற வேண்டியிருந்தது. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் 31ஆம் வசனத்தை அதற்குப் பொருளாகக் கொண்டார். விசுவாசத்தினால் ஜீவனடைதலைப் பற்றிப் பேச முற்பட்டவர், அத்தகைய விசுவாசம் தம்மிடமே இல்லை என்பதை உணர்ந்து கலங்கினார். அக்கலக்கத்தின் முடிவில் ஏற்பட்ட தெளிவையே அவர் தம் மனமாற்றமாகப் பின்னர்ப் பதிவு செய்தார். பிறருக்கு அறிவிக்க எழுந்தவன் தன்னையே முதலில் சோதிக்க வேண்டும் என்னும் ஹாலே மரபின் அடிப்படை இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது.

சீகன்பால்கு சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். அவருடைய தாய் மரணப்படுக்கையில் பிள்ளைகளை அழைத்து, அவர்களுக்கென ஒரு பெருஞ்செல்வத்தை வைத்துச் செல்வதாகவும் அதனை வேதப் புத்தகத்தில் தேடிக் காணுமாறும் கூறியதாக அவர்தம் வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. மரணத்தின் வாயிலில் நின்று பேசப்பட்ட அச்சொல் அவர் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது எனலாம். ஹாலேயில் பயின்ற அவர், உடல்நலக் குறைவால் கல்வியை முறையாகத் தொடர இயலாத நிலையிலும், டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் திட்டத்தை ஏற்று, ஹென்ரிக் புளூட்சோவுடன் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார்.

மணலில் எழுதிய மாணவர்

தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் வசம் இருந்த வணிகத் துறைமுகம். அங்கிருந்த ஐரோப்பியருக்கு வாணிகமே குறிக்கோள். போதகர்களின் வருகை அவர்களுக்கு உவப்பாக இல்லை. நித்தியத்தைப் பற்றிப் பேச வந்தவருக்கோ அதனைப் பேசுவதற்குரிய மொழியே இல்லை. சீகன்பால்கு முதிய வாத்தியார் ஒருவரை அமர்த்தி, அவருடைய திண்ணைப் பள்ளி மாணவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக் கற்றார். டேனியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவரும் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்தவருமான அழகப்பன் என்பார் அவருக்கு உறுதுணையாயினார்.

இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் திரட்டிய ஓலைச்சுவடிகளின் பட்டியல் 'பிப்ளியோதேகா மலபாரிகா' (1708) என்னும் பெயரில் தொகுக்கப்பட்டது. அதில் தமிழ்ச் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் 119 இடம்பெற்றுள்ளன. அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அழிவுக்குரிய இருளில் வாழ்வோர் என்று தாம் எண்ணி வந்த மக்களிடம் இத்தகைய அறநூல்கள் வழங்குவதைக் கண்டது அவருடைய எண்ணத்தில் ஒரு மாற்றத்தை விளைவித்தது. தமிழரின் அறவுணர்வை அவர் ஐயத்துக்கு இடமின்றி ஒப்புக்கொண்டார். ஆயினும் அறம் ஒன்றே மனிதனை நித்தியத்துக்கு ஆயத்தப்படுத்தும் என்பதை ஏற்கவில்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான இழுபறி அவருடைய எழுத்துகள் அனைத்திலும் காணப்படுகிறது.

சொல் தேடல்

புதிய செய்தியைச் சொல்லப் பழைய சொற்களே கிடைத்தன. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி, தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி வரை கத்தோலிக்கத் துறவியர் ஒரு சொற்களஞ்சியத்தை உருவாக்கியிருந்தனர். சீகன்பால்கு அதனைப் பெரிதும் ஏற்றுக்கொண்டார். கடவுளைக் குறிக்கச் 'சருவேசுரன்' என்னும் சொல்லை அவர் ஆண்டது இதற்குச் சான்றாகும். பின்னர்ப் பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பில் 'பராபரன்' என்பதும், 1871இல் வெளிவந்த பவர் தலைமையிலான மொழிபெயர்ப்பில் 'தேவன்' என்பதும் அவ்விடத்தைப் பெற்றன.

மோட்சம், நரகம், பாவம், இரட்சிப்பு ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் தமிழ்ச் சமய மரபில் ஆழ வேரூன்றியவை. மோட்சம் என்றவுடன் தமிழர் மனத்தில் தோன்றுவது பிறவியறுதல்; கிறிஸ்தவப் போதகர் கருதியதோ கடவுளோடு நிலையாக வாழ்தல். கரையேறுதல் என்னும் சொல் பிறவிக் கடலைக் கடத்தலைக் குறிப்பது. கிறிஸ்தவ உரைநடையில் அது பாவத்தினின்றும் மீட்கப்படுதலைக் குறித்தது. மறுபிறவிக் கொள்கையில் மனிதனுக்குப் பல வாய்ப்புகள் உண்டு; கிறிஸ்தவப் போதனையில் வாழ்வு ஒன்றே, மரணமும் ஒன்றே, தீர்ப்பும் ஒன்றே. 'ஆயத்தமா?' என்னும் வினாவின் அவசரம் இவ்வேறுபாட்டிலிருந்தே எழுகிறது. கேட்போருக்குச் சொற்கள் விளங்கின. அவசரமே புதிதாக இருந்தது.

1713இல் தரங்கம்பாடியில் அச்சான 'அக்கியானம்' என்னும் சிறு நூல் இவ்வவசரத்தின் வெளிப்பாடாகும். அக்கியானம் என்பது எது, அது எவ்வாறு உலகில் வந்தது, அதிலிருந்து விடுபடும் வழி யாது என்பவற்றை அது எளிய உரைநடையில் விளக்குகிறது. தொடர்ந்து புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது.

தமிழரின் மறுமொழி

போதனை ஒருவழிப் பாதையாக அமையவில்லை. சத்திரங்களிலும் கோயில் வாயில்களிலும் சிற்றூர்களிலும் சீகன்பால்கு நிகழ்த்திய உரையாடல்களைத் தம் குறிப்புகளில் பதிவு செய்தார். அவற்றுள் 34 உரையாடல்கள் 1719இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. மேலும், 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் வினாக்கள் அனுப்பி எழுத்து வடிவில் விடைகள் பெறப்பட்டன. இவ்வாறு தொகுக்கப்பட்டு ஜெர்மனியில் வெளியிடப்பட்ட கடிதங்கள் 99. இவற்றுள் பெரும்பகுதி அழகப்பன் எழுதியவை என்பது ஆய்வாளர் துணிபு. ஐரோப்பியப் போதகருக்குத் தமிழர் கூறிய மறுமொழி இவ்வளவு விரிவாக இவ்வளவு முன்னரே பதிவானது அரிய செய்தியாகும்.

அம்மறுமொழிகளில் மூன்று வாதங்கள் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. முதலாவது, ஒவ்வொரு நாட்டாருக்கும் கடவுள் ஒரு நெறியை வகுத்துள்ளார். அதன்படி ஒழுகுவோர் நற்கதி அடைவர் என்பது. இரண்டாவது, இந்நற்செய்தியைக் கேளாமலேயே மாண்டுபோன முன்னோரின் கதி என்ன என்பது. மூன்றாவது, கிறிஸ்தவரின் ஒழுக்கத்தைப் பற்றியது. துறைமுகத்தில் கண்ட ஐரோப்பியரின் குடி, தூய்மையின்மை, மாட்டிறைச்சி உண்ணுதல், முறைதவறிய வாழ்வு ஆகியவற்றைச் சுட்டி, இவர்கள் மோட்சத்துக்கு ஆயத்தமானவர்கள் எனின் அம்மோட்சம் எத்தகையது என்னும் பொருள்பட அவர்கள் வினவினர்.

முதலிரண்டு வாதங்களுக்கும் சீகன்பால்கு கோட்பாட்டு முறையில் விடை கூறினார். மூன்றாம் வாதத்தை அவர் மறுக்கவில்லை. அத்தகையோர் பெயரளவுக் கிறிஸ்தவரே என்றும், அறிந்தும் நடவாதவரின் தண்டனை பெரிதாகும் என்றும் விடையளித்தார். ஜெர்மனியில் ஸ்பேனரும் பிராங்கேயும் தம் சபையாரை நோக்கிக் கூறியதும் இதுவே. ஆகவே தமிழரின் குற்றச்சாட்டும் பயட்டிசத்தின் குற்றச்சாட்டும் ஒரே புள்ளியில் சந்தித்தன. ஆயத்தம் என்பது பிறப்பாலோ சபை உறுப்பினர் என்னும் நிலையாலோ வருவதன்று. அது வாழ்வில் புலப்பட வேண்டும் என்பதில் இருதரப்பாரும் உடன்பட்டனர் எனலாம்.

கேட்டவரைச் சோதித்த வினா

1707ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியரின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். ஞானஸ்நானத்துக்கு முன் அவர்கள் வினாவிடை முறையில் பயிற்றப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். நித்தியத்தின் முன் ஆண்டானும் அடிமையும் ஒரே தீர்ப்புக்கு உட்பட்டவர் என்னும் போதனை வணிகக் குடியிருப்பில் எளிதில் ஏற்கப்படக்கூடியதன்று. 1708 நவம்பரில் ஒரு விதவையின் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதன் விளைவாகச் சீகன்பால்கு டேனிய ஆளுநர் ஹாசியுசால் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார்.

ஹாலேயிலிருந்தும் சோதனை வந்தது. தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த விரிவான நூலை அச்சிடப் பிராங்கே இசையவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புதல் தகாது என்பது அவர் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் ஜெர்மானின் பதிப்பாக வெளிவந்தது. பிறர் சமயத்தை உள்ளவாறு அறிந்த பின்னரே அவரோடு நித்தியத்தைப் பற்றிப் பேச இயலும் என்னும் சீகன்பால்கின் கொள்கை அவர் காலத்தில் அவரை அனுப்பியவராலேயே உணரப்படவில்லை.

எனினும் இவற்றினும் கடுமையான சோதனை சபைக்குள்ளேயே இருந்தது. 1718இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தைக் கொண்டிருந்த தரங்கம்பாடிச் சபையில், சாதி வேறுபாட்டுக்கேற்பத் தனித்தனியே அமரும் வழக்கம் நிலவியது. 1733இல் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் குருப்பட்டம் பெற்றார், அவர் வேளாளர். அதே காலத்தில் சிறந்த உபதேசியாராகப் பணியாற்றிய இராஜநாயக்கன் பறையர் குலத்தவர். சபையாரின் சாதி எதிர்ப்பைக் கருதி அவருக்கு அப்பட்டம் அளிக்கப்படவில்லை. நித்தியத்தில் வேறுபாடு இல்லை என்று போதித்த சபை, அந்நித்தியத்துக்கு ஆயத்தம் செய்யும் இடத்திலேயே வேறுபாட்டைப் பேணியது. அழகப்பன் முதலியோர் ஐரோப்பியரை நோக்கிக் கேட்ட வினா இப்போது தமிழ்ச் சபையை நோக்கியும் திரும்பிற்று.

சீகன்பால்கு 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் தம் 36ஆம் வயதில் மறைந்தார். இறுதி வேளையில் உயிர்த்தெழுதலைப் பற்றிய ஜெர்மானியப் பாமாலை ஒன்றைப் பாடக் கேட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை அவர் ரூத்து ஆகமம் வரையே முடித்திருந்தார். அவர் உடல் புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. தரங்கம்பாடி நற்செய்திப் பணியின் அடித்தளம் நித்தியத்துக்கான ஆயத்தம் பற்றிய வினாவே. அவ்வினாவைத் தமிழில் கேட்க வேண்டிய தேவையே மொழிக் கல்விக்கும் சுவடித் தொகுப்புக்கும் அச்சுக்கும் உரைநடைக்கும் வழிவகுத்தது. தமிழர் அதனைக் கேட்டு வாளா இருக்கவில்லை. கேட்டவரின் வாழ்வையே உரைகல்லாகக் கொண்டு மறுவினா எழுப்பினர். பிராங்கே 1687இல் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டதையே அழகப்பன் தம் கடிதங்களில் கேட்டார் என்பது இவ்வரலாற்றின் சிறப்பாகும்.

நற்செய்தியை அறிவித்தலும் தன்னைச் சோதித்தலும் ஹாலே மரபில் பிரிக்க இயலாதவை. அவை பிரிந்த இடங்களில் பணி தன் வலுவை இழந்ததையும், இணைந்த இடங்களில் எதிர்ப்பாளரும் செவிகொடுத்ததையும் தரங்கம்பாடிப் பதிவுகள் காட்டுகின்றன. இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பட்டம் அவ்வினாவுக்கு அச்சபை அளித்த நிறைவற்ற விடையாகவே வரலாற்றில் நிற்கிறது.