பிரேக் டப்பாவில் விளக்கெண்ணெய்



போன வாரம் என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, கார்ல பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு. வீட்ல இன்ஜின் ஆயில் மிச்சம் இருக்கு, கொஞ்சம் ஊத்திடட்டுமா?" என்றான். "கையை எடுடா!" என்று கத்திவிட்டேன். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 'பிரேக் ஆயில்' என்று நாம் சொல்லும் பெயர்தான் வம்பு. அதில் ஆயிலே கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. அதுவும் நம் வீட்டு விளக்கெண்ணெய்!

எட்டாம் வகுப்பில் பாஸ்கல் விதி நடத்தும்போது இரண்டு ஊசிக்குழல்களைக் குழாயால் இணைத்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? ஒன்றை அழுத்தினால் மற்றொன்று எழும்பும். அதே தத்துவத்தைக் காருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மால்கம் லாஹெட். 1917-ல் காப்புரிமை பெற்றார். (விமானத்துக்குப் பெயர்போன லாக்ஹீட் நிறுவனத்தைத் தொடங்கிய ஆலனின் சகோதரர் இவர்.) 1921-ல் டியூசன்பெர்க் காரிலும், 1924-ல் கிரைஸ்லரிலும் நான்கு சக்கரங்களுக்கும் இந்த பிரேக் வந்தது. ஃபோர்டு மட்டும் 1939 வரை கம்பி, கட்டை பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே என்ன ஊற்றுவது என்பதுதான் சிக்கல். கசியாமல் இருக்க ரப்பர் வளையம் வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஆமணக்கு எண்ணெய் அப்படிச் செய்யாது. அது கெட்டியாக இருப்பதால் ஆல்கஹால் கலந்து இளக்கினார்கள். பல ஆண்டுகள் அந்தக் கலவைதான் ஓடியது. பிறகு கிளைக்கால் வகைத் திரவம் வந்தது. இன்று டாட் 3, டாட் 4 என்று கடையில் கிடைப்பது அதுதான். பெயர் மட்டும் 'ஆயில்' என்றே தங்கிவிட்டது.

இந்தக் குழப்பம் பிரான்சிலும் நடந்தது. சித்ரோயன் டி.எஸ். கார் 1955-ல் வந்தபோது ஒரு வகைத் திரவம். 1960-களின் நடுவில் பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறினார்கள். ரப்பர்களையும் அதற்கேற்ப மாற்றினார்கள். பழைய காரில் பச்சையையோ, புதியதில் பழையதையோ ஊற்றினால் ரப்பர் மொத்தமும் போச்சு.

கிளைக்காலுக்கும் ஒரு குணம் உண்டு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி தாங்கவேண்டும். ஈரம் ஏறியபின் 140 இருந்தாலே தேர்ச்சி. அதனால்தான் பாதி தீர்ந்த பழைய பாட்டிலை எடுத்து ஊற்றக்கூடாது.

சரி, நான் ஏன் கத்தினேன்? 1990-களில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் இதே வேலையை நானே செய்தேன். நாலு நாள் கழித்து, ஏற்காட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது, ஏழெட்டு வளைவுக்குள் கருகல் வாசனை. அடுத்த வளைவில் பெடல் தரையைத் தொட்டது. முதல் கியரும் கைபிரேக்கும் போட்டு, மலைப்பக்கம் உரசித்தான் நிறுத்தினேன். பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகள்.

பிரித்துப் பார்த்த மெக்கானிக், எட்டாம் வகுப்போடு நின்ற என் மாணவன். ஊதிப்போன ரப்பரையும் புதியதையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "உப்பிப்போய் வழியை அடைச்சிடுச்சு சார். பிரேக் விடுபடாம உரசியே சூடாகி, உள்ள கொதிச்சிருக்கு" என்றான். பாஸ்கல் விதியை அவனுக்கு நடத்தியவன் நான்தான்.

தங்கை மகன் மறுநாள் ஒர்க்ஷாப் போனான். கசிவு ஏதுமில்லை, பிரேக் பேடுதான் தேய்ந்து அளவு இறங்கியிருக்கிறது. பேடு மாற்றியதும் அளவு தானாக ஏறிவிட்டது. எதையும் ஊற்றவே தேவைப்படவில்லை.