'நமது ஊர்' நாடகத்தில் வரலாற்றுக் குறிப்புகளும் பண்பாட்டுப் பதிவுகளும்

முன்னுரை

அமெரிக்க நாடகாசிரியர் தார்ண்டன் வைல்டர் (1897–1975) இயற்றிய 'அவர் டவுன்' (நமது ஊர்) என்னும் நாடகம், 1938 சனவரி 22ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டன் நகரில் முதன்முதலாக மேடையேறியது. பிப்ரவரி 4ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வே அரங்கிற்கு வந்தது. அவ்வாண்டின் புலிட்சர் பரிசும் அதற்குக் கிடைத்தது. காட்சித் திரைகளும் மேடைப் பொருள்களும் பெரும்பாலும் இல்லாத இந்நாடகத்தை, 'மேடை மேலாளர்' என்னும் பாத்திரம் அவையோரிடம் நேரே பேசி நடத்திச் செல்கின்றது.

எந்நாட்டுக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் படைப்பு என்றே இந்நாடகத்தைப் பலர் மதிப்பிடுகின்றனர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கிராம வாழ்க்கையின் சித்திரமாகத் தாம் இதனை வழங்கவில்லை என வைல்டரும் 1957இல் எழுதினார். ஆயினும் நாடகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஆண்டுகள், போர்கள், மக்கள்தொகை, தேர்தல் விழுக்காடுகள் ஆகியன நிறைந்துள்ளன. காலங்கடந்த வாழ்வைப் பாட விழைந்தவருக்கு இத்தனை வரலாற்றுக் குறிப்புகள் ஏன் தேவைப்பட்டன என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும்.

ஊரும் காலமும்

நாடகத்தின் மூன்று அங்கங்களும் முறையே 1901 மே 7, 1904 சூலை 7, 1913 கோடை ஆகிய காலங்களில் நிகழ்கின்றன. களமாகிய குரோவர்ஸ் கார்னர்ஸ் கற்பனை ஊர். அதன் அகலாங்கும் நெட்டாங்கும் (42° 40', 70° 37') நாடகத்தின் தொடக்கத்திலேயே துல்லியமாகக் கூறப்படுகின்றன. நிலப்படத்தில் தேடினால் அவை நியூ ஹாம்ப்ஷயரில் அமையவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடலோரத்தில் விழுகின்றன. துல்லியமான எண்களைக் கொண்டு இல்லாத ஊரை நிறுவும் இவ்வுத்தி, ஆவணங்களின் மீதான நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே மெல்ல அசைத்துப் பார்க்கின்றது.

மேடை மேலாளர் காலத்தை முன்னும் பின்னும் அறிந்தவர். ஐந்து ஆண்டுகளில் ஊருக்குள் முதல் மோட்டார் வண்டி வரும் என்கிறார். செய்தித்தாள் போடும் சிறுவன் ஜோ குரோவெல் பின்னாளில் பொறியியல் கல்வியில் முதல்வனாகத் தேறி, பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் மடிவான் என்பதையும் அச்சிறுவன் வீட்டுக்கு வீடு தாள் எறியும் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது 1917இல். அப்போரின் துயரத்தை மறவாத 1938ஆம் ஆண்டு அவையோர், மற்றொரு போரின் அச்சத்துக்கிடையே இதனைக் கேட்டனர். 1901இன் அமைதி கலையப்போகும் அமைதி என்பதை அவர்கள் அறிவர். ஆதலால் இந்நாடகத்தைப் பழமையை எண்ணி ஏங்கும் படைப்பு என மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

உள்நாட்டுப் போரின் நினைவு

ஊர் மருத்துவர் கிப்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) பற்றிய செய்திகளில் தோய்ந்தவர். ஈராண்டுக்கு ஒருமுறை மனைவியுடன் போர்க்களங்களைக் காணச் செல்கிறார். ஆன்டியட்டம் (1862), கெட்டிஸ்பர்க் (1863) என்னும் களங்களின் பெயர்கள் உரையாடலில் இடம்பெறுகின்றன. அவர் மனைவிக்கோ பாரிஸ் நகரைக் காணும் ஆசை. பழைய மரப்பேழை ஒன்றுக்கு வணிகர் ஒருவர் 350 டாலர் தர முன்வருகிறார். எனினும் அப்பயணம் நிகழவில்லை. அவர் இறந்தபின் அத்தொகை மகனுக்கும் மருமகளுக்கும் சேர்ந்து, பண்ணையில் கால்நடைகளுக்கான நீர்த்தொட்டியாகின்றது. நாட்டின் வரலாறு கணவருக்குச் சுற்றுலாவாகிறது. மனைவியின் ஆசை எந்த வரலாற்றிலும் ஏறாமல் மறைகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்ததில் நாடகாசிரியரின் நோக்கு புலப்படுகின்றது.

மூன்றாம் அங்கத்தின் கல்லறைத் தோட்டத்தில் அப்போரில் ஈடுபட்டவர்களின் கல்லறைகள் இரும்புக் கொடிகளுடன் நிற்கின்றன. தம் ஊரைச் சுற்றி ஐம்பது மைலுக்கு அப்பால் கண்டறியாத இளைஞர்கள், நாடு ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சென்று மாண்டதை மேடை மேலாளர் நினைவுகூர்கிறார். பழைய கல்லறைக் கற்களைத் தேடி வெளியூரிலிருந்து வருவோரும் உண்டு. தம் குலம் 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்தோரின் வழி என்றும், விடுதலைப் போரில் பங்கேற்றோரின் வழி என்றும் நிறுவ அவர்கள் விரும்புகின்றனர். 'அமெரிக்கப் புரட்சியின் மகளிர்' என்னும் வழிமரபுச் சங்கம் 1890இல் தோன்றியதை எண்ணினால், இவ்வெள்ளல் காலத்தோடு ஒட்டியது என்பது விளங்கும்.

எண்களுக்குள் அடங்காதவர்கள்

முதல் அங்கத்தில் பேராசிரியர் ஒருவர் ஊரின் நிலவியலையும் மக்கள் இனவரலாற்றையும் விரிவுரையாற்றுகிறார். தொல்குடியினர் பற்றிய செய்தி சில சொற்களில் முடிந்துவிடுகின்றது. அவர்கள் முற்றிலும் மறைந்துவிட்டனர் என்று அவர் கூறி முடிக்கிறார். நியூ ஹாம்ப்ஷயரின் உண்மையான தொல்குடியினர் அபெனாகி மக்கள். அவர்களின் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். எவ்வாறு மறைந்தனர் என்னும் வினாவை மேடையில் எவரும் எழுப்பவில்லை.

அடுத்து வரும் இதழாசிரியர் வெப், ஊரில் 86 விழுக்காட்டினர் குடியரசுக் கட்சியினர், 6 விழுக்காட்டினர் சனநாயகக் கட்சியினர், 4 விழுக்காட்டினர் சமவுடைமையாளர் என்கிறார். சனநாயகக் கட்சித் தலைவர் பிரையன் ஊர் மன்றப் படிகளில் நின்று பேசியது பெருமையுடன் குறிக்கப்படுகின்றது. ஆனால் 1896இல் நியூ ஹாம்ப்ஷயர் வாக்களித்தது அவரை எதிர்த்து நின்ற மெக்கின்லிக்கே. இருபத்தோரு வயதடைந்த ஆண்களுக்கு வாக்குரிமை உண்டு. பெண்களின் வாக்கோ மறைமுகமானது என்று வெப் நகைச்சுவையாகச் சொல்கிறார். பெண்களின் வாக்குரிமைக்கு அரசியலமைப்பு வழிசெய்தது 1920இல்தான். 1913இல் மகப்பேற்றின்போது மடியும் எமிலி, ஒருமுறையேனும் வாக்களிக்காமல் மறைந்த தலைமுறையைச் சேர்ந்தவள்.

தண்டவாளத்திற்கு அப்பால் போலந்து நாட்டிலிருந்து வந்தோரும் கனடியப் பிரெஞ்சுக் குடும்பங்களும் வாழ்கின்றனர். கத்தோலிக்கத் தேவாலயமும் அங்குதான் உள்ளது. நாடகம் தொடங்கும் விடியலில் மருத்துவர் கிப்ஸ் அங்கே இரட்டைக் குழந்தைகளின் பேறு பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அத்தாய் மேடைக்கு வருவதில்லை. ஊரின் போர்வை ஆலை உரிமையாளருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்ததாக அறிகிறோம். ஆலைத் தொழிலாளரின் குரலைக் கேட்பதில்லை. அவையிலிருந்து ஒருவர் எழுந்து, சமூக அநீதியை உணர்ந்தோர் இவ்வூரில் இல்லையா என்று வெப்பிடம் சினத்துடன் வினவுகிறார். அது 1901இன் வினா அன்று. பொருளாதாரப் பெருமந்தத்தில் உழன்ற 1930களின் வினா. வெப்பின் விடை தெளிவின்றி நழுவுகின்றது. வினாவை எழுப்பிய நாடகம் விடையைத் தேடிச் செல்லவில்லை. இஃது இப்படைப்பின் எல்லை எனக் கருதத்தகும்.

பண்பாட்டுப் பதிவுகள்

ஊரில் கலைச்சுவை உண்டா என்னும் வினாவிற்கு வெப் தரும் பட்டியல் சிறியது: 'ராபின்சன் குரூசோ', விவிலியம், ஹேண்டலின் 'லார்கோ' இசை, விசுலர் தீட்டிய தாயின் ஓவியம். இதற்கு ஈடாக, கதிரவன் எழுவதையும் பறவைகளையும் மக்கள் கவனிப்பதாக அவர் சொல்கிறார். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுப் போதகர் ஜான் ஃபாசெட் இயற்றிய கிறித்தவப் பாடல் ஒன்று பாடற்குழுவின் பயிற்சியிலும், திருமணத்திலும், அடக்கத்திலும் ஒலிக்கின்றது. ஒரே பாடல் மூன்று நிலைகளையும் இணைக்கும்போது, சமயச் சடங்கு ஊர் மக்களின் காலக்கணக்காக மாறுகின்றது.

ஆவணமும் அன்றாடமும்

வங்கிக் கட்டடத்தின் அடித்தளக் கல்லில் எதிர்காலத்தவருக்காகப் புதைக்கப்படும் பொருள்களின் பட்டியல், இவ்வாய்வின் வினாவிற்கு விடை தருகின்றது. நியூயார்க் டைம்ஸ் இதழ், ஊர் இதழ், விவிலியம், அரசியலமைப்பு, சேக்சுபியரின் நாடகங்கள் ஆகியவற்றோடு இந்நாடகத்தின் படியும் வைக்கப்படும் என்கிறார் மேடை மேலாளர். இருபது இலட்சம் மக்கள் வாழ்ந்த பாபிலோனைப் பற்றி அரசர் பெயர்களும் கோதுமை, அடிமை விற்பனை ஒப்பந்தங்களுமே எஞ்சின என்பது அவர் கூறும் காரணம். அவ்வெண்ணிக்கை வரலாற்றறிஞர் மதிப்பீடுகளினும் மிக அதிகம். ஆயினும் கருத்து வலுவானது. வெர்சேல்ஸ் உடன்படிக்கையும் (1919) லிண்ட்பர்க்கின் வான்பயணமும் (1927) ஏடுகளில் நிலைக்கும். மாலையில் ஒரு குடும்பம் உணவுக்கு அமர்ந்தமை நிலைக்காது. 1920–21இல் ரோம் நகரில் தொல்லியல் பயின்ற வைல்டருக்கு, புதைபொருள்கள் சொல்லாது விடுபவை எவை என்பது நன்கு தெரியும்.

இறந்தபின் எமிலி திரும்பிச் செல்லத் தேர்வது 1899 பிப்ரவரி 11, தன் பன்னிரண்டாம் பிறந்த நாள். எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறாத நாள் அது. சமையலறையில் காலை உணவு ஆக்கும் தாயைக் கண்டபின், அந்நாளைத் தாங்கிக்கொள்ள அவளால் இயலவில்லை.

முடிவுரை

இந்நாடகத்தின் வரலாற்றுக் குறிப்புகள் பின்னணி அலங்காரம் அல்ல. எண்களும் போர்களும் சொல்லாமல் விட்ட வாழ்வை உணர்த்தும் பொருட்டே அவை அடுக்கப்பட்டுள்ளன. அதே அளவுகோலை நாடகத்தின் மீதும் வைத்துப் பார்த்தல் முறையாகும். அடித்தளக் கல்லில் இடம்பெற்ற இந்நூலிலும் தண்டவாளத்திற்கு அப்பால் வாழ்ந்த தாயின் காலை உணவு பதிவாகவில்லை. பாபிலோனின் ஏடுகளைக் குறைகூறிய மேடை மேலாளரின் சொற்கள், தம் ஊருக்கும் பொருந்துவன. அவ்விடைவெளியைத் தானே காட்டிக்கொடுக்கும் நேர்மையாலேயே, 'நமது ஊர்' என்னும் தலைப்பிலுள்ள 'நமது' யாரைக் குறிக்கின்றது என்று ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கேட்க முடிகின்றது.