கசப்பும் காசும்

மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலை அணுகும் பகுதியில், திருகோணமலைக்குத் தெற்கே, ஈச்சிலம்பற்று இருக்கிறது. இதனை உள்ளடக்கிய வரண்ட வலயத்தில் மலேரியாக் காய்ச்சல் தலைமுறை தலைமுறையாக உழவனின் உடலை உருக்கிவந்தது. கசாயத்தின் கசப்பிலே ஏழை மக்கள் ஆறுதல் தேடினர். வேம்பும் நிலவேம்பும் அவர்களுக்குக் கைக்கெட்டிய மருந்துகள்.

அதே மகாவலி பிறக்கும் மலைநாட்டிலே வேறொரு கசப்பும் விளைந்தது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளுக்குரிய சின்கோனா மரத்தின் பட்டையே அது. பெலத்தியே, கவந்து என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1820இல் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். இரத்தத்திலே குடிகொண்ட மலேரியாக் கிருமியையே அழிக்கவல்லது இக்கசப்பு.

1861இல் சின்கோனாவை வளர்ப்பதற்கென்றே ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியதும், துரைமார் சின்கோனாவின் பக்கம் திரும்பினர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கைகளே தோட்டங்களில் உழைத்தன. 1880களின் நடுப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. சந்தை நிரம்பிற்று; விலை வீழ்ந்தது. மரங்கள் போய்த் தேயிலை வந்தது. நாட்டிலே காய்ச்சல் குறைந்துவிட்டதா? இல்லை, இலாபந்தான் குறைந்தது.

1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகியது. வரண்ட வலயத்தின் நிரந்தர நோய், கேகாலை போன்ற ஈரவலயப் பகுதிகளிலே கொள்ளைநோயாக வெடித்தது. சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேர் மாண்டனர். ஒரு காலத்தில் உலகுக்கே பட்டையை அனுப்பிய நாடு, அப்போது அந்நியக் கொயினாவை எதிர்பார்த்து நின்றது. உலகின் கொயினாவுக்கோ ஜாவாவின் தோட்டங்களே பிரதான மூலம். பட்டினி கிடந்த உடலுக்குக் கொயினா மட்டும் போதவுமில்லை. இதனை உணர்ந்தே என். எம். பெரேரா, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலான சூரியமல் இயக்கத்தார் மருந்தோடு உணவையும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர்.

மற்றொரு வழியும் உண்டென்பதைப் பின்னாளிலே நாம் கண்டோம். 1967இல் சீன அரசு தொடங்கிய ஆராய்ச்சியிலே தூ யோயோ பங்குகொண்டார். பழைய மருத்துவ நூல்கள் சொன்ன கசப்புப் பூண்டொன்றிலிருந்து 1972இல் ஆர்ட்டிமிசினின் பிரித்தெடுக்கப்பட்டது. அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் பழைய பாடம் நம்மை விட்டகலவில்லை. எந்த மரத்தை நடுவது, எதனைப் பிடுங்குவது என்பதைச் சந்தை விலை தீர்மானிக்குமாயின், நோயாளியின் தேவை கணக்கிலே ஏறாது. ஈச்சிலம்பற்று உழவனின் வேம்பையும் நிலவேம்பையும் மூடநம்பிக்கையென ஒதுக்காமலும், கண்மூடிப் புகழாமலும், பொதுச் செலவில், பொதுநலத்துக்காக ஆராய்வதே நாம் கோர வேண்டியது.